நான்காம் சுருளில் சிரித்தவர்

நோர்ஹாம்ன் நகரத்தில் சினிமா பார்க்கும்போது சிரிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. வடபகுதி மௌனப்பட மரபுக் காப்பகம் போடும் படங்களுக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதும் இல்லை. அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை ஸ்தூரே பிரென்மார்க் சிரித்தார். அதற்குப் பிறகுதான் காப்பகத்தில் இருந்தவர்கள் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஸ்தூரே துறைமுகச் சாலையில் டயர் கடை வைத்திருப்பவர். பனி விழும் முன்பு பனிக்கால டயர் மாட்ட ஒரு முறை, உருகிய பிறகு கோடைக்கால டயருக்கு மாற ஒரு முறை என்று எங்கள் ஊரே அவர் கடை வாசலில் காரோடு வரிசையில் நிற்கும். கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவருடைய குரல் பெரிதாகிவிட்டது. சிரிப்பும் அதே அளவுக்கு வளர்ந்திருந்தது.

அவருடைய மனைவி குன்னெல், காப்பக நண்பர்கள் சங்கத்தின் செயலாளர். ஆறு வருடமாக ஒவ்வொரு திரையிடலுக்கும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து படம் பார்த்து, முடிந்ததும் "ஆழமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தான் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த இலவங்கப்பட்டை பன்களை எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பார். சங்கத்தில் இருப்பவர்களின் கணவன்மார் வருடத்துக்கு ஒரு படமாவது வந்து பார்ப்பது வழக்கம். அந்த வருடத்தின் படத்தை ஸ்தூரே முடிந்தவரை தள்ளிப்போட்டுப் பார்த்தார். கடைசியில் வியாழக்கிழமைதோறும் வைக்கும் பட்டாணி சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு, பசியோடு கிளம்பினார்.

வாசலில் பெர்னில்லா என்ற பெண் நின்றாள். காப்பகத்தின் பார்வையாளர் நல்லிணக்க ஒருங்கிணைப்பாளர் அவள்தான். காப்பகத்துக்கு அதுவரை பார்வையாளர்கள் என்று சொல்லிக்கொள்ளும்படி யாரும் வந்ததில்லை என்பதால் அவர்களோடு நல்லிணக்கம் நன்றாகவே இருந்தது.

"ஸ்தூரே, உங்க ஜாக்கெட் சத்தம் போடுது," என்றாள்.

"போட்டிருக்கிறவன் சும்மாதானே நிக்கிறேன்."

"நடக்கும்போது சரசரங்குது. இங்க மாட்டிட்டுப் போங்க. ஷூவுக்கு இந்த நீல உறையப் போட்டுக்கங்க. இருமல் இருக்கா?"

"இல்ல."

"வந்தா, திரையில எழுத்து அட்டை வரும்போது இருமுங்க. முகம் வரும்போது வேணாம்."

படத்தின் பெயர் 'கல்மேட்டுப் பண்ணையின் தண்டனை'. நூறு வருடத்துக்கு முன் எங்கள் கடற்கரையில் எடுத்தது. படம் தொடங்கும் முன் காப்பகத் தலைவர் எவெர்ட் லாகர்ஸ்த்ரோலே பேசினார். உயரமானவர், வெள்ளைத் தாடி, கழுத்தில் கறுப்புத் துண்டு. பேச்சு ஏறக்குறைய படத்தின் அளவுக்கு நீண்டது.

"இந்தப் படம் உங்களுக்குப் பிடிக்கணும்னு நாங்க எதிர்பாக்கல," என்றார். "பிடிச்சா அது எங்களுக்குக் கவலையான விஷயம். பிடிச்ச படத்த மக்களே பாத்துக்குவாங்க, அதுக்குக் காப்பகம் எதுக்கு? யாருக்கும் பிடிக்காத படத்தக் காப்பாத்தத்தான் அரசாங்கம் எங்கள வச்சிருக்கு. அந்த வேலைய நாங்க ஒரு குறையும் இல்லாம செஞ்சிட்டு வர்றோம்."

பலத்த கைதட்டல். பிறகு எவெர்ட் மேடையிலிருந்து இறங்கி, நேராக நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். எந்தப் படம் போட்டாலும் அவர் அப்படித்தான் போவார். படத்துக்குத் தனிமை கொடுக்கிறார் என்று சங்கத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

படம் ஓடியது. இரக்கமில்லாத ஒரு பண்ணையார். அவர் வீட்டு வேலைக்காரப் பெண் கர்ப்பமாகிறாள். காரணமான மகன் கப்பலேறிப் போய்விடுகிறான். நடுக்குளிரில் பண்ணையார் அவளை வெளியே தள்ளுகிறார். அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் சாகிறார்கள். சில காட்சிகளில் குளிர் திரையைத் தாண்டி வந்து காலைத் தொட்டது. சில காட்சிகளில் பாதிரியார் கதவைச் சாத்தினால் பின்னால் இருந்த பாறை ஆடியது.

படத்தின் மூன்றாம் பிலிம் சுருள் உலகத்தில் எங்கும் இல்லை. வேறு யாராவது என்றால் 'இங்கே சில காட்சிகள் கிடைக்கவில்லை' என்று ஒரு அட்டை போட்டுத் தாண்டியிருப்பார்கள். எங்கள் காப்பகம் அந்தச் சுருள் ஓடியிருக்கக்கூடிய நேரம் முழுக்கக் கறுப்புத் திரையை ஓடவிட்டது. பியானோக்காரர் விரல்களைக் கட்டைகளுக்கு மேலே தூக்கி வைத்தபடி வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். படத்தின் சிறந்த பகுதி இதுதான் என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து உதவிக்கு எழுந்த ஸ்தூரேயைக் குன்னெல் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நான்காம் சுருளில் பண்ணையார் மனம் திருந்தி, அந்தப் பெண்ணைத் தேடி உறைந்த கடல்மேல் போகிறார். பனி உடைந்து உள்ளே விழுகிறார். மீனவர்கள் உடலை இழுத்துப் போடுகிறார்கள். மனைவி மார்பில் விழுந்து அழுகிறாள். எல்லாரும் தொப்பியைக் கழற்றி நிற்கும்போது எங்கிருந்தோ ஒரு நாய் வந்து பிணத்தின் முகத்தை நக்கியது. மூக்கை நக்கியது, காதை நக்கியது. பிணம் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டது. பிறகு பிணத்தின் வலது கை மெல்ல மேலே வந்து, நாயின் முகத்தைப் பிடித்து, மரியாதையாக அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி பனிமேல் போய்ப் படுத்துக்கொண்டது.

ஸ்தூரே சிரித்தார்.

அது அடக்கிப் பார்த்த சிரிப்போ தப்பி வந்த சிரிப்போ அல்ல. கடையில் சிரிக்கிற சிரிப்பு. முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. அந்த நேரம் பார்த்து எழுத்து அட்டை வந்தது: 'ஆண்டவன் அனைத்தையும் காண்கிறான்.' பின்வரிசையில் ஒருவருக்குத் தும்மல் மாதிரி ஏதோ வந்தது. அது அடுத்தவருக்குத் தொற்றியது. மூன்று வரிசை குலுங்கியது. பியானோக்காரரின் இடது கை தவறான கட்டையில் விழுந்தது.

கதவு திறந்தது. எவெர்ட் உள்ளே தலையை நீட்டி, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் குன்னெல் கார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சிரிச்சே," என்றார் கடைசியில்.

"நாய் நக்குச்சு."

"அது துக்கமான கட்டம், ஸ்தூரே."

"அத நாய்க்கு யாரும் சொல்லலையே."

குன்னெல் உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபம் என்று ஸ்தூரே நினைத்தார்.

மறுநாள் பெர்னில்லா போன் செய்தாள். குன்னெல் ஆறு வருடம் ஓய்வில்லாமல் உழைத்துவிட்டார், இனி செயலாளர் வேலையிலிருந்து கொஞ்ச காலம் ஓய்வெடுப்பது அவருக்கு நல்லது என்று குழு நினைக்கிறது என்றாள். குன்னெல் நன்றி சொல்லி போனை வைத்தார். அடுத்த திரையிடலுக்குப் பிசைந்து வைத்திருந்த பன் மாவைச் சமையலறையில் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்தூரேக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கலாம் என்று காப்பகத்துக்குப் போனார்.

அங்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்க முடியாது என்பது அவருக்குத் தெரியாது. அதற்கு முதலில் ஓர் உரையாடல் நடக்க வேண்டும். அடுத்த வாரம் வட்ட மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றி, காபி வைத்து, குழு உட்கார்ந்தது.

"இது விசாரணை இல்ல," என்றார் எவெர்ட்.

"விசாரணையே இல்ல," என்றாள் பெர்னில்லா.

குழுவில் மற்றவர்களும் ஒவ்வொருவராக இது விசாரணை இல்லை என்று சொல்லி முடித்த பிறகு விசாரணை தொடங்கியது.

"நீங்க எதப் பாத்துச் சிரிச்சீங்க, ஸ்தூரே?"

"கையப் பாத்து."

"எந்தக் கை?"

"செத்தவரோட கை. நாயத் தள்ளிவிட்டுச்சே."

எவெர்ட் பெர்னில்லாவைப் பார்த்தார். பெர்னில்லா காபியைப் பார்த்தாள்.

"அந்தக் கை எங்க கவனத்துக்கு வரல," என்றாள் அவள்.

"அவ்வளவு பெருசா அசைஞ்சுதே."

"அசைஞ்சிருக்கலாம். நாங்க ஒம்பது வருஷமா இந்தப் படத்த மீட்டெடுத்தோம். ஒவ்வொரு பிரேமா எடுத்துத் தூசி தட்டி, கீறல் நீக்கி, பக்கத்துல வச்சோம். தனித்தனியா பாத்தா எதுவும் அசையாது. சேத்து ஓடவிட்டுப் பாக்கறதுக்கு வேலைத் திட்டத்துல எடம் ஒதுக்கல."

"அப்ப முன்னாடி பாத்தவங்க யாரும் சிரிக்கலையா?"

"பழைய பிரதியில அந்த எடம் முழுக்கக் கீறலும் அழுக்குமா இருந்துச்சு," என்றார் எவெர்ட். அவர் குரலில் பெருமை கலந்திருந்தது. "கை இருந்ததே தெரியாது. நாங்கதான் ரெண்டு வருஷம் பாடுபட்டு அந்தக் கைய வெளியே கொண்டுவந்தோம். சொல்லப்போனா அந்தப் பிணத்துக்கு உயிர் கொடுத்தது இந்தக் காப்பகம்."

"அப்ப மறுபடி கொஞ்சம் அழுக்க மேல போட்டுடலாமே," என்றார் ஸ்தூரே. உதவுகிற எண்ணத்தில்தான் சொன்னார்.

அந்த யோசனையைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. நீரில் மூழ்கி இறந்தவர்களின் கை இறந்த பிறகும் நாயைத் தள்ளுமா என்று ஒரு பிண ஆய்வு மருத்துவரிடம் கேட்பது என்றும் முடிவாயிற்று. ஸ்தூரே விஷயத்தில் தண்டனை கிடையாது; காப்பகம் யாரையும் தண்டிப்பதில்லை. பார்வைப் பக்குவப் பயிற்சிக்கு மட்டும் அவர் வர வேண்டும். முடித்தால் குன்னெலின் ஓய்வு முடிந்துவிடும் என்று எவெர்ட் ஜாடையாகச் சொன்னார். ஸ்தூரே உடனே சரி என்றார்.

அந்த வாரம் பனி விழுந்தது.

டயர் மாற்ற வேண்டிய சமயத்தில் ஸ்தூரே காப்பகத்தின் மாடியில் உட்கார்ந்து, பெர்னில்லா காட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு.

"இதப் பாத்தா என்ன தோணுது?"

"பெயிண்ட் அடிக்கணும்."

"துக்கம் தோணலையா?"

"இப்படியே விட்டா அடி மரம் பூரா உளுத்துடும். துக்கம்தான்."

பெர்னில்லா பெருமூச்சு விட்டாள்.

"நீங்க இப்ப விட்ட மாதிரியா விடணும்?" என்று கேட்டார் ஸ்தூரே.

"இல்ல. அது என் சொந்த மூச்சு. படம் பாக்கறப்போ விடறது மூக்கு வழியா, நீளமா, பக்கத்துல இருக்கறவருக்கு மட்டும் கேக்கற மாதிரி இருக்கணும்."

ஸ்தூரே முயன்றார். ட்யூபில் ஆணி குத்தினது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கடை வாசலில் அவர் எழுதித் தொங்கவிட்ட அட்டையில், 'பெருமூச்சுப் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். மதியம் வருவேன்' என்று இருந்தது. ஊரில் பாதிப் பேர் வழுக்கி வழுக்கிக் காரை ஓட்டிவந்து அந்த அட்டையைப் படித்தார்கள். படித்தவர்கள் காரணம் விசாரித்தார்கள். விசாரித்தவர்களுக்குப் பிணமும் நாயும் தெரியவந்தது. அடுத்த வியாழக்கிழமை திரையிடலுக்குக் காப்பகத்தின் வாசலிலிருந்து தேவாலயம் வரை வரிசை நின்றது. நானும் நின்றேன். குளிருக்கு இதமாக யாரோ பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தார்கள். ஜாக்கெட்டுகளை மாட்டக் கொக்கி போதவில்லை. நீல உறைகள் முதல் கால் மணி நேரத்திலேயே தீர்ந்துவிட்டன.

எவெர்ட் கலங்கிப்போய்விட்டார். மேடையில் ஏறி, அன்று சுருக்கமாகப் பேசினார்.

"இந்த நிறுவனத்த உருவாக்கினப்போ மக்கள் வருவாங்கன்னு யாரும் எச்சரிக்கல. இங்க கழிப்பறை ஒண்ணுதான் இருக்கு. ஒரு படத்த ஆளுங்க பாத்தா அது தேய்மானம். பாக்காம இருந்தா அது பாதுகாப்பு. தயவுசெஞ்சு, வந்தவங்க கொஞ்சம் குறைவா பாருங்க."

மக்கள் குறைவாகப் பார்க்கவில்லை. நாய் வரும் முன்பே சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். கை மேலே எழுந்தபோது அரங்கின் கூரை அதிர்ந்தது.

இதை யாரோ தலைநகரத்தில் சொல்லிவிட்டார்கள். கலாசார அமைச்சகத்திலிருந்து காப்பகத்துக்கு முதல் தடவையாகப் பாராட்டு வந்தது. பழைய படத்துக்கு மக்களை வரவழைத்த அதிசயத்தை அமைச்சர் ஸ்டாக்ஹோமில் நேரில் பார்க்க விரும்புகிறார், பிடித்தால் பெரிய மானியம் கிடைக்கும் என்று தகவல். எவெர்ட் மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது அவரிடம் ஒரு புதிய கொள்கை இருந்தது.

அதைச் சொல்ல அவரே டயர் கடைக்கு வந்தார். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய ஒரு காருக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

"நாங்க தவறா புரிஞ்சுகிட்டோம், ஸ்தூரே. உங்க சிரிப்பு இடையூறு இல்ல. அது படத்தோட தொலைஞ்சுபோன ஒரு பாகம். நூறு வருஷத்துக்கு முன்னாடி முதல் தடவ பாத்தவன் சிரிச்ச சிரிப்பு, உங்க மூலமா கிடைச்சிருக்கு. மீட்டெடுக்கப்பட்ட சிரிப்பு."

"நான் சும்மா சிரிச்சேன்."

"மூலப் பொருள் எப்பவும் தன்ன மூலப் பொருள்னு சொல்லிக்காது. ஸ்டாக்ஹோம்ல அதே எடத்துல, அதே மாதிரி நீங்க சிரிக்கணும்."

"குன்னெல்?"

"இனிமே செயலாளர் இல்ல. சங்கத்தோட தலைவர்."

ஸ்தூரே கையைத் துணியில் துடைத்துவிட்டு எவெர்ட்டின் கையைக் குலுக்கினார். அன்று சாயங்காலம் வீட்டில் இந்தச் செய்தியைச் சொன்னபோது குன்னெல் உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே இருந்தார். "அப்படியா," என்றார். கொஞ்சம் கழித்து, "உனக்கு இதெல்லாம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். ஸ்தூரே, "உனக்காகத்தானே," என்றார். குன்னெல் மறுபடி உதட்டைக் கடித்தார்.

சிரிப்பைக் காப்பகத்தின் ஒலிக்கூடத்தில் பதிவு செய்தார்கள். பெர்னில்லா அதற்கு வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டாள். பதிவில் ஸ்தூரேக்குச் சிரிப்பு வரவில்லை. "ஹா" என்றார், "ஹா ஹா" என்றார். அது பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிற சத்தம்போல இருந்தது.

"வீணாக்காதீங்க," என்றாள் பெர்னில்லா. "ஸ்டாக்ஹோம் வரைக்கும் வேற எங்கயும் சிரிக்க வேணாம். சிரிப்பு இப்ப எங்க சேகரிப்புல இருக்கு. வெளியே எடுத்தா ஈரப்பதம் மாறிடும்."

"கடையில ஆளுங்க ஏதாவது சொன்னா?"

"தலையாட்டுங்க."

அதன்படியே ஸ்தூரே தலையாட்டினார். ஊரில் எல்லாரும் அவரைச் சிரிக்கவைத்துப் பார்ப்பதென்று கிளம்பிவிட்டார்கள். மீன் கடைக்காரர், போன பனிக்காலம் முழுக்கத் தன் மாமனார் காரில் நாலு டயரும் நாலு விதமாக இருந்த கதையைச் சொல்லி, மாமனார் மாதிரியே நடித்தும் காட்டினார். ஸ்தூரே முகம் சிவக்க நட்டு முடுக்கிக்கொண்டே இருந்தார். அன்று முழுவதும் அவருக்கு விக்கல் நிற்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்டாக்ஹோம் போனார்கள். அரங்கில் தங்க வேலைப்பாடு, சிவப்பு நாற்காலி. அமைச்சர் முன்வரிசையில். ஸ்தூரேக்கும் குன்னெலுக்கும் அரங்கின் நடுவில், எல்லாருக்கும் தெரிகிற இடம் கொடுத்திருந்தார்கள். பெர்னில்லா ஓரமாக ஒரு சின்ன டார்ச்சோடு நின்றாள். கை எழும்பும்போது அவள் விளக்கை ஒரு முறை ஏற்றி அணைப்பாள். அதுதான் சிரிக்க வேண்டிய சைகை.

எவெர்ட் மக்கள் பங்கேற்பைப் பற்றி உருக்கமாகப் பேசினார். தன் காப்பகம் எப்போதுமே மக்களை நம்பித்தான் இருந்தது என்றார். பிறகு வழக்கம்போல வெளியே போய்விட்டார். கதவில் காதை வைத்து அவர் நின்றதை அரங்கில் வருபவர்களின் கோட்டை வாங்கி மாட்டுகிற பெண் பிறகு குன்னெலிடம் சொன்னாள்.

விளக்கு அணைந்தது. ஸ்தூரே நாய்க்காகக் காத்திருந்தார். இந்தத் தடவை அவருக்குப் பசி இல்லை. ரயிலில் குன்னெல் கொடுத்த ரொட்டியும் மீனும் வயிற்றில் இருந்தன. வேறு வேலை இல்லாததால் படத்தைப் பார்த்தார்.

குழந்தை இறந்துபோகிறது. வேலைக்காரப் பெண் ஒரு சின்னச் சவப்பெட்டியைத் தள்ளுசறுக்கு வண்டியில் வைத்து, உறைந்த கடல்மேல் தேவாலயத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறாள். அது அரங்கத்தில் போட்ட செட் அல்ல. நிஜப் பனி, நிஜக் காற்று. காற்று அவள் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. நடிக்க வந்த பெண் என்ன செய்வாள்? வண்டியை அப்படியே விட்டுவிட்டுச் சால்வையின் பின்னால் ஓடுகிறாள். ரொம்ப தூரம் ஓடுகிறாள், சின்னப் புள்ளியாகிவிடுகிறாள். கேமரா அவளைத் தொடரவில்லை. வெள்ளைப் பரப்பின் நடுவில் வண்டியும் பெட்டியும் மட்டும் நிற்கின்றன. அவள் திரும்பி வந்து சால்வையைத் தோளில் போடாமல் பெட்டியின்மேல் போர்த்தி, நாலு பக்கமும் செருகிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துத் தள்ள ஆரம்பிக்கிறாள்.

போன தடவை இந்த இடத்தில் ஸ்தூரே சூப்பை நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது மூக்கைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது. பெர்னில்லா சொல்லிக்கொடுத்த எந்த மூச்சும் உதவவில்லை.

அப்படி இருக்கும்போது நாய் வந்தது. நக்கியது. கை எழுந்தது. டார்ச் எரிந்து அணைந்தது. ஸ்தூரே வாயைத் திறந்தார். பிணமாக நடித்த அந்த மனிதர் எவ்வளவு நேரம் அந்தப் பனியில் மல்லாந்து கிடந்தாரோ, ஈரத் துணியோடு, என்றுதான் அவருக்குத் தோன்றியது. சத்தம் வரவில்லை. டார்ச் மறுபடி எரிந்து அணைந்தது. பிறகு படபடவென்று அடித்துக்கொண்டது. அமைச்சர் திரும்பிப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்து எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் ஆண்டவன் அனைத்தையும் கண்டுகொண்டிருந்தான்.

அந்த அமைதியில் குன்னெல் சிரித்தார்.

முதலில் அது சிரிப்பு என்றே யாருக்கும் தெரியவில்லை. மெல்லிய கீச்சுச் சத்தம். பிறகு பை அவர் மடியிலிருந்து விழுந்தது. அவர் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. திரையில் பாதிரியார் வந்து கதவைச் சாத்த, பாறை ஆட, மறுபடி தொடங்கினார். அமைச்சரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பிறகு அரங்கம் முழுவதும்.

வெளியே கதவருகில் எவெர்ட் வெளிறிப்போயிருந்தார். "அது யாரு?" என்று ஓடிவந்த பெர்னில்லாவிடம் கேட்டார். "பெண் குரல். அது நம்ம சேகரிப்புல இல்லையே."

ஊருக்குத் திரும்பும் ரயிலில் குன்னெலுக்கு இன்னும் இடையிடையே சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"உனக்கு என்மேல கோபம்னு நெனச்சேன்," என்றார் ஸ்தூரே.

"உம்மேல இல்ல." குன்னெல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல் நாள் நீ சிரிச்சப்போ எனக்கும் வந்துச்சு. பல்லக் கடிச்சு அடக்கினேன். ஆறு வருஷமா அடக்குறேன், ஸ்தூரே. போன வருஷம் ஒரு படத்துல கதாநாயகனோட மீசை பாதி ஒட்டியிருந்துச்சு. ரெண்டு மணி நேரம் தொடையக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ வருஷத்துக்கு ஒரு படம் பாக்க வர்றவன், வந்து வாய்விட்டுச் சிரிச்சுட்டே. அதான் என்மேலயே ஆத்திரம்."

"அப்ப எதுக்கு ஆறு வருஷமா போனே?"

குன்னெல் ஜன்னலைப் பார்த்தார். "அந்தச் சால்வை மாதிரி ஒண்ணு எப்பவாவது வரும். அதுக்காக."

"நான் அங்க அழுதுட்டேன்."

"தெரியும். நாற்காலி ஆடுச்சு."

அமைச்சருக்குப் படம் பிடித்திருந்தது. மானியம் உண்டு, ஆனால் படத்தை நாடு முழுக்கக் கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. காப்பகக் குழு கூடி ஆலோசித்தது. படத்தை எல்லாரும் பார்த்தால் எதைக் காப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் மானியம் வேண்டாம் என்று பணிவுடன் எழுதிவிட்டார்கள். சிரிப்பு, அழுகை இரண்டிலிருந்தும் காப்பாற்றுவதற்காகப் படம் நிலவறையின் குளிர் அறைக்குப் போயிற்று. குன்னெல் சங்கத் தலைவர் பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பன் சுடுவதை மட்டும் நிறுத்தவில்லை. அது இப்போது டயர் கடைக்கு வருகிறது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எவெர்ட் கடைக்கு வந்தார். அவருடைய கார் வாசலிலேயே அரை வட்டம் அடித்து, வேலியைத் தொட்டு நின்றது.

"இன்னும் கோடைக்கால டயர்லயா ஓட்டுறீங்க?" என்றார் ஸ்தூரே.

"நேரம் கிடைக்கல."

ஸ்தூரே காரைத் தூக்கினார். நானும் என் முறைக்காகக் காத்திருந்தேன். எவெர்ட் எனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, குன்னெல் கொடுத்த காபியைக் குடித்தார். நல்ல பன் என்றார். குளிர் அறையின் வெப்பநிலை மிகவும் சீராக இருக்கிறது என்றார்.

"அந்த நாய்," என்றார் பிறகு, யாரையும் பார்க்காமல். "கடைசியில அது எப்படிச் சாகுது?"

குன்னெல் பன் தட்டைக் கீழே வைத்தார். "எந்த நாய்?"

"படத்துல வர்ற நாய்தான். எல்லாரும் சாகறாங்களே. கதைச் சுருக்கம் படிச்சிருக்கேன். நாயப் பத்தி அதுல எழுதல. எழுதாம விட்டிருக்காங்கன்னா ரொம்ப மோசமாத்தான் இருக்கும்னு..." காபிக் கோப்பையைக் கையில் சுற்றினார். "எனக்கு மனுஷங்க செத்தா தாங்கிக்க முடியும். அது எங்க துறையில சகஜம். நாய் சாகறத என்னால பாக்க முடியாது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். பழைய படங்கள்ல அவங்க நாய விட்டுவைக்கறதே இல்ல. அதனால நான் எந்தப் படத்துக்கும் உள்ள உக்கார்றதில்ல."

கம்ப்ரசர் தானாக ஓடி நின்றது.

"நாய் சாகல, எவெர்ட்," என்றார் குன்னெல்.

"சாகலையா?"

"இல்ல. கடைசிக் காட்சியில மிச்சம் இருக்கறவங்க சர்ச்சுக்குப் போறாங்க. அது முன்னாடி ஓடுது."

ஸ்தூரே நாலாவது டயரை முடுக்கிக் காரை இறக்கினார். எவெர்ட் சாவியை வாங்கி, கதவைத் திறந்து, உள்ளே உட்காராமல் நின்றார். நாளைக்குக் காப்பகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்றார். குளிர் அறைச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார். பெர்னில்லாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் போனோம். யாரும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை, வெப்பமூட்டி அணைத்திருந்தது. எவெர்ட் படத்தை ஓடவிட்டுவிட்டு முன்னால் தனியாக உட்கார்ந்தார். சால்வை பறந்தபோது அவர் முதுகு அசையாமல் இருந்தது. நாய் வந்து நக்கியபோது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிணத்தின் கை எழுந்தபோது, "அடப் பாவி, பாவம் அத எதுக்குத் தள்றே," என்று திரையைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் மக்கள் வரிசையாகத் தேவாலயத்தை நோக்கிப் போக, நாய் அவர்களுக்கு முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி, ஒரு முறை நின்று திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடியது. திரை வெளுத்தது.

எவெர்ட் திரும்பினார். தாடி நனைந்திருந்தது.

"இன்னொரு தடவ போடலாமா?" என்று கேட்டார்.